வண்டி நின்னுடுச்சா?

மதுரை மாட்டுத்தாவணியில் நாங்கள் ஏறிய சென்னைப் பேருந்து மேலூரைத் தாண்டியிருக்கும். பக்கத்து இருக்கையில் அத்தை தூக்கம் பிடிக்காமல் புரண்டுகொண்டிருந்தார். என் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி, "இதைக் கொஞ்ச நேரம் போட்டுப் பாருங்க அத்தை. பாட்டெல்லாம் இல்ல, சும்மா போடுங்க" என்று அவர் காதில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையை விலக்கிச் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"வண்டி நின்னுடுச்சா?"

நிற்கவில்லை. எதிர்ச்சாரி லாரிகளின் விளக்குகள் வேகமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. இருக்கையின் அதிர்வு அவர் முதுகுக்குத் தெரிகிறது, காதுக்கு மட்டும் வண்டி நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தவர் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது கேள்வியைக் கேட்டார்: "பின்னாடி ஒருத்தர் பட்டா மாத்துறதைப் பத்திப் போன்ல பேசுறாரே, அது மட்டும் முன்னைவிட நல்லாக் கேக்குதே, ஏன்?"

என்ஜின் எங்கே போனது? பட்டாக்காரர் ஏன் போகவில்லை? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தவரை எந்த விளம்பரமும் ஏமாற்ற முடியாது. அத்தைக்கு அன்றைக்குப் பாதி பதில்தான் சொன்னேன். திருச்சி வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒலி என்பது காற்றில் ஓடும் அழுத்தம். காற்று நெருங்கும், விலகும், மறுபடி நெருங்கும். நெருங்கும் அதே கணத்தில் அதே அளவுக்கு அதை விலக்க முடிந்தால் அந்த இடத்தில் காற்று அசையாமல் நிற்கும், காது அதை அமைதி என்று எடுத்துக்கொள்ளும். வீட்டுக் கூடத்தில் தொங்கும் பெரிய பலகை ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது நம்மை நோக்கி வரும்போது கையை வைத்து எதிர்த்துத் தள்ளினால் அடங்கிவிடும். கொஞ்சம் பிந்தி, அது திரும்பிப் போகத் தொடங்கிய பிறகு தள்ளினால் முன்னைவிட உயரமாக ஆடும். கையின் பலம் இரண்டிலும் ஒன்றுதான், வேறுபட்டது தருணம் மட்டும். இரைச்சலை எதிர் ஒலியால் அடக்கும் ஏ.என்.சி. ஹெட்போனுக்குள் நடப்பது முழுக்க இந்தத் தருணக் கணக்கு. சிறு மைக்குகள் வெளி இரைச்சலைக் கேட்கின்றன, ஒரு சில்லு அதன் தலைகீழ் வடிவத்தைக் கணக்கிடுகிறது, காதருகே உள்ள ஒலிபெருக்கி அதைக் காற்றில் விடுகிறது.

இந்த யோசனை நாம் நினைப்பதைவிடப் பழையது. ஜெர்மனியில் பால் லூயெக் என்ற இயற்பியலாளர் 1933-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1936-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அவர் வரைந்த படத்தில் ஒரு குழாய், அதில் ஒரு மைக், ஓர் ஒலிபெருக்கி, ஒரு அலை, அதற்கு நேர் எதிரான இன்னொரு அலை. எல்லாமே சரி. ஆனால் அது வால்வு ரேடியோக்களின் காலம். அலையைக் கேட்டுக் கவிழ்த்துத் திருப்பி அனுப்பும் அளவுக்கு விரைவும் துல்லியமும் கொண்ட கருவிகள் அன்றைக்கு இல்லை. 1950-களில் ஹெலிகாப்டர், விமான ஓட்டிகளுக்காகச் சிலர் முயன்றார்கள்.

பிறகு 1978. சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்த விமானத்தில் எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் போஸ் இருந்தார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துவிட்டு அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு வங்காளியின் மகன், ஒலிபெருக்கி நிறுவனம் நடத்தியவர். விமானத்தில் கொடுத்த ஹெட்போனை ஆசையாக மாட்டினார். என்ஜின் இரைச்சலில் இசை கேட்கவே இல்லை. வேறு ஒருவராக இருந்தால் சலித்துக்கொண்டு கழற்றியிருப்பார். அவர் தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார், பாஸ்டனில் இறங்குவதற்குள் அடிப்படைச் சமன்பாடுகள் தயார். ஆனால் தாளிலிருந்து கடைக்கு வர 11 ஆண்டுகள் ஆயின. 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் வழியில் எரிபொருள் நிரப்பாமல், எங்கும் இறங்காமல் ஒன்பது நாள் உலகைச் சுற்றினார்களே, அந்த வாயேஜர் விமானத்தில் அவர்கள் அணிந்தது இதன் முன்மாதிரிகளை. விமானிகளுக்கான ஹெட்செட் 1989-இல் விற்பனைக்கு வந்தது. நம்மைப் போன்ற பயணிகளுக்கான மாதிரியை அதே நிறுவனம் 2000-இல் கொண்டுவந்தது.

ஏன் இவ்வளவு காலம்? கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அதன் கடுமை தெரியும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. ஹெட்போனின் வெளி மைக்கைத் தொட்ட ஒலி செவிப்பறையை எட்ட மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான் போக வேண்டும். நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கேட்பது, கணக்கிடுவது, எதிர் அலையை எழுப்புவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஒலியோடு ஓட்டப் பந்தயம், அதுவும் அது புறப்பட்ட பிறகு நாம் புறப்படும் பந்தயம்.

இந்தப் பந்தயத்தில் கொஞ்சம் பிந்தினால் என்ன ஆகும் என்பதில்தான் அத்தையின் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பேருந்தின் ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 25 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சிலிண்டர்கள் வெடிக்கும், ஆக நொடிக்கு 75 வெடிப்பு. அந்த 75 ஹெர்ட்ஸ்தான் இரவெல்லாம் நம் நெஞ்சில் உறுமுவது. அதன் ஒரு அலையின் நீளம் நான்கரை மீட்டருக்கு மேல், பேருந்தின் அகலத்தைவிட அதிகம். ஒரு முறை ஏறி இறங்க அதற்கு நூறில் ஒரு நொடிக்கும் கூடுதலாகவே ஆகிறது. சில்லு பத்தாயிரத்தில் ஒரு நொடி பிந்தினாலும் அந்த அலை கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கும். பெரிய ஊஞ்சல், நிதானமாக வரும், பிடித்து நிறுத்திவிடலாம்.

இப்போது பிரேக் கிறீச்சிடும் ஓர் ஒலியை எடுத்துக்கொள்வோம். 5000 ஹெர்ட்ஸ் இருக்கட்டும். அதன் ஒரு ஆட்டத்துக்கு ஐயாயிரத்தில் ஒரு நொடிதான். அதே பத்தாயிரத்தில் ஒரு நொடித் தாமதம் இங்கே சரியாக அரை ஆட்டம். நெருக்கத்தைக் கலைக்கப் புறப்பட்ட எதிர் அலை அடுத்த விலகலோடு சேர்ந்துகொள்ளும், கிறீச்சொலி இரட்டிப்பாகும். இதனால்தான் வடிவமைப்பவர்கள் எதிர் அலையைப் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்கிறார்கள். தாமதத்தை முற்றிலும் ஒழித்தாலும் இன்னொரு தடை உண்டு. காதுக் குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். என்ஜினின் நீண்ட அலைக்கு அந்தக் குழாய் முழுவதும் ஒரே புள்ளி போல. வாசலில் அடக்கினால் உள்ளேயும் அடங்கும். ஏழெட்டாயிரம் ஹெர்ட்ஸ் அலைக்கோ வாசலில் ஒரு நிலை, செவிப்பறையில் அதற்கு எதிர் நிலை. வாசலில் அடங்கியது உள்ளே எழும்பும்.

"சீரான சத்தத்தைத்தான் இது குறைக்கும்" என்று கடைகளில் சொல்வார்கள். பாதி உண்மை. சீராக இருந்தால் வேலை சுலபம்தான், ஆனால் அதைவிட முக்கியம் அது மெதுவாக அதிரும் கீழ்த்தொனியாக இருப்பது. விமானத்தின் ஹோ என்ற இரைச்சல், ஏ.சி. பெட்டியின் காற்றோட்டம், பேருந்து என்ஜின், ஜெனரேட்டர், தெரு டிரான்ஸ்பார்மரின் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம். இவையெல்லாம் இந்தக் கருவிக்கு அகப்படுபவை. குக்கர் விசில், மிக்ஸியின் அலறல், குழந்தையின் வீறிடல், பக்கத்து இருக்கைப் பேச்சு இவை தொனி மேலே போகப் போக அகப்படாதவை.

மேல்தொனியைத் தடுக்க மிகப் பழைய வழி போதும்: அடைப்பது. கோயில் திருவிழா நாளில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். பாட்டின் சொற்கள் கேட்காது, நாகசுரம் மங்கிவிடும், "தும் தும்" மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும். அடைப்பின் குணமே அதுதான். வேகமாக அதிரும் ஒலி பொருளில் மோதித் திரும்பிவிடும், அல்லது பஞ்சில் கரைந்துவிடும். மெதுவான ஒலியோ சுவரையே அசைத்து வழி பண்ணிக்கொள்ளும். காதுக்குள் செருகும் இயர்போனின் ரப்பரும், காதை மூடும் ஹெட்போனின் மெத்தையும் சாத்திய கதவுகள். எதிர் அலை எங்கே கைவிடுகிறதோ அங்கே இவை வேலை செய்கின்றன. நல்ல ஏ.என்.சி. ஹெட்போன் எதுவும் எதிர் அலையை மட்டும் நம்பியதில்லை, கீழ்த்தொனிக்குச் சில்லு, மேல்தொனிக்கு மெத்தை என்று வேலையைப் பிரித்துக்கொள்கிறது. இரண்டும் கொஞ்சம் தளர்கிற இடம் ஒன்று நடுவில் இருக்கிறது. சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஆயிரம், இரண்டாயிரம் வரை. மனிதப் பேச்சின் பெரும்பகுதி குடியிருப்பது அங்கேதான்.

அத்தையின் இரண்டாவது கேள்விக்கு இது பாதிப் பதில். பட்டாக்காரரின் குரல் முழுதாகத் தடுக்கப்படவில்லை என்பது சரி. ஆனால் "முன்னைவிட நல்லாக் கேக்குதே" என்றாரே, அது எப்படி? நத்தை ஓடு போலச் சுருண்ட உள்காதில் ஒரு நீண்ட சவ்வு இருக்கிறது. வாசல் பக்கம் மேல்தொனிக்கு, உள்கோடி கீழ்த்தொனிக்கு. என்ஜின் உறுமல் தன் இடமான உள்கோடிக்குப் போக வாசல் பகுதியைக் கடந்துதான் போக வேண்டும், போகிற வழியெல்லாம் சவ்வைக் குலுக்கிக்கொண்டே போகும். அந்தக் குலுக்கலில் மற்ற மெல்லிய ஒலிகள் மறைந்துவிடுகின்றன. கீழ்த்தொனி மேல்தொனியை இப்படி மூடுவது கேட்டலின் அடிப்படைக் குணங்களில் ஒன்று. என்ஜினை நீக்கினீர்கள், மூடி திறந்துகொண்டது. பேச்சு, முறுக்குப் பொட்டலம் பிரிக்கும் சரசரப்பு, யாரோ செருமுவது எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. "இத்தனை ரூபாய் கொடுத்து வாங்கினேன், அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பேச்சு இன்னும் கேட்கிறது" என்று வருந்துபவர்களின் கருவியில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. அவர்களுக்குத் தேவைப்பட்டது அழுத்தமான அடைப்பு, அவர்கள் காசு கொடுத்தது எதிர் அலைக்கு.

அன்றிரவு விராலிமலை தாண்டும்போது அத்தை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க மாமா காதை இந்தச் சத்தம்தானே தின்னுச்சு" என்றார். மாமா 31 வருடம் பேருந்து ஓட்டியவர். அந்தக் கால வண்டிகளில் என்ஜின் ஓட்டுநரின் இடப்பக்கம், பானட்டுக்குள், கையெட்டும் தூரத்தில். கூட்ட நாளில் அந்தச் சூட்டின் மேலேயே பயணிகள் உட்கார்ந்து வருவார்கள். இன்று மாமாவிடம் பேசும்போது அவருடைய வலப்பக்கம் போய்த்தான் பேசுகிறோம். இரைச்சல் காதைப் பறிக்கும் விதம் கொடுமையானது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. ச, த, க, ட போன்ற மெய்களின் கூர்மை அங்கேயும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கிறது. குரல் கேட்கும், சொல் பிடிபடாது. "காது கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியல" என்று மாமா சொல்லும்போது பிள்ளைகள் அவர் கவனிக்கவில்லை என்று நினைத்தார்கள். ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிரணுக்களோடு பிறக்கிறோம். போனது மறுபடி முளைப்பதில்லை.

இந்தக் கருவிகளைப் பற்றி நான் அக்கறையோடு பேசக் காரணம் இதுதான், ஆடம்பரப் பொருளாகவே இவற்றைப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஓடும் பேருந்துக்குள் 80 டெசிபல் இரைச்சல் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண இயர்போனில் பாட்டு புரிய வேண்டுமானால் அதைத் தாண்டி 90-க்கு ஏற்றுவோம். டெசிபலில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபல் வரை பாதுகாப்பு, 90 என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மதுரையிலிருந்து சென்னைக்கு எட்டு மணி நேரம். ஒரே இரவில் இரண்டு வாரப் பங்கு தீர்ந்துவிடுகிறது. வெளி இரைச்சலை 20 டெசிபல் குறைக்கும் கருவி இருந்தால் அதே பாட்டை 70-இல் தெளிவாகக் கேட்கலாம். அமைதியைவிடப் பெரிய லாபம் அது. ஆனால் ஒலி அளவைக் குறைக்க வேண்டியது நம் விரல். கருவி அதைச் செய்யாது.

இனி கடைக்குப் போவோம். பெட்டியின் மேல் முதலில் தேட வேண்டியது எழுத்துகளை. ஏ.என்.சி. என்றால் உங்கள் காதுக்கான எதிர் அலை. இ.என்.சி. என்று மட்டும் போட்டிருந்தால், நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தத்தை எதிர்முனைக்காரருக்குக் குறைத்து அனுப்பும் வசதி. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. விலை குறைந்த இயர்பட்ஸ் பெட்டிகளில் இந்த ஓர் எழுத்து வேறுபாட்டில் ஏமாந்தவர்கள் ஏராளம். அடுத்து, "50 டெசிபல் வரை" என்பது போன்ற எண். அதில் உண்மையான சொல் "வரை". ஏதோ ஒரு கீழ்த்தொனியில் ஆய்வகத்தில் கிடைத்த உச்சம் அது. பேச்சுக்கு அது பொருந்தாது.

எண்ணைவிட எனக்கு முக்கியம் அடைப்பு. பட்ஸோடு வரும் மூன்று அளவு ரப்பர்களில் பலர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவைத் தாண்டிப் பார்ப்பதே இல்லை. ஓடும் மின்விசிறியின் அடியில் நின்று, தவில் அல்லது பேஸ் கிடார் நன்றாக ஒலிக்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். பட்ஸை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது தவிலின் தொப்பிப் பக்கம் திடீரென்று கனத்தால், அதுவரை காற்று கசிந்துகொண்டிருந்தது என்று பொருள். ரப்பரை மாற்றுங்கள். என் வலது காதுக்கு நடு அளவு, இடது காதுக்குப் பெரியது. கசிவு இருந்தால் எதிர் அலையும் அதே ஓட்டை வழியாக வெளியேறிவிடும், எவ்வளவு விலை உயர்ந்த சில்லாக இருந்தாலும் சரி.

காதை மூடும் பெரிய ஹெட்போன் என்றால் கசிவுக்குக் காரணம் வேறு. மூக்குக் கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே சின்ன இடைவெளியை உண்டாக்கும். மெல்லிய காம்பும் மிருதுவான மெத்தையும் இருந்தால் பரவாயில்லை. தோடு அணிபவர்களுக்கு இன்னொரு கஷ்டம், அத்தை சொல்லித்தான் எனக்கே தெரிந்தது: மெத்தை தோட்டை அழுத்த, பின்னால் உள்ள திருகாணி காதுக்குப் பின்புறத் தோலில் குத்துகிறது. அரை மணிக்கு மேல் தாங்காது. கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தால் இது தெரிய வராது. நம் ஊர் வெயிலில் வியர்வை பட்டுச் செயற்கைத் தோல் மெத்தை செதில் செதிலாக உதிரும், ஆகவே மாற்று மெத்தை கிடைக்கிற மாதிரிதானா என்று கேட்டு வாங்குங்கள். நீண்ட விமானப் பயணத்துக்கு நான் பெரிய ஹெட்போனைத்தான் சொல்வேன். கூடவே கம்பியையும் வைத்துக்கொள்ளுங்கள், விமானத் திரைகள் பலவற்றில் இன்னும் அது வேண்டியிருக்கிறது.

சன்னல் திறந்த ரயில் பெட்டிக்கு எதுவுமே முழுப் பதில் ஆகாது. காற்று நேரடியாக வெளி மைக்கில் மோதினால் மைக் அதையும் ஒரு சத்தம் என்று நம்பி எதிர் அலை அனுப்பும், காதுக்குள் புயல் அடிக்கும். அப்போது ஏ.என்.சி.யை அணைத்துவிட்டு அடைப்பை மட்டும் நம்புவதே நல்லது. சிலருக்கு ஏ.என்.சி. போட்டதும் மலைப்பாதையில் ஏறும்போது போலக் காது அடைத்த உணர்வு வரும். உண்மையில் காதில் அழுத்தம் எதுவும் கூடுவதில்லை, ஆனாலும் உணர்வு உணர்வுதான். அவர்கள் அதைக் குறைத்து வைத்துப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் வாங்க வேண்டாம். சாலையிலும் வண்டி ஓட்டும்போதும் தண்டவாளத்தின் அருகிலும் இவற்றில் எதையும் போடாதீர்கள். ஹாரனும் ரயிலின் அதிர்வும் நமக்குக் கேட்டாக வேண்டிய சத்தங்கள்.

சென்னை கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் தனியாகத் திரும்பும்போது இதைக் கொண்டு போகிறீர்களா என்று அத்தையிடம் கேட்டேன். திருகாணி குத்துகிறது என்றார், சார்ஜ் போட மறந்துபோகும் என்றார். கடைசியில் உண்மையைச் சொன்னார். என்ஜின் சத்தம் அவருக்குத் தொந்தரவே இல்லை, மாமாவோடு முப்பது வருடம் வாழ்ந்தவருக்கு அது தாலாட்டு மாதிரி. தூக்கத்தைக் கெடுப்பது பேச்சுத்தான்.

அவருக்கு நான் வாங்கிக் கொடுத்தது பஞ்சு நுரையில் செய்த மஞ்சள் காதுத் தக்கை. சில பத்து ரூபாய்தான், பேட்டரி கிடையாது. சரியாகச் செருகினால் ஆய்வகத்தில் 30 டெசிபல் அளவுக்குத் தடுப்பது, அதுவும் பேச்சு இருக்கும் இடத்தில் நன்றாகவே. சரியாகச் செருகுவதில்தான் எல்லாம் இருக்கிறது. விரல்களுக்கு நடுவே வைத்துத் திரி போல மெல்லியதாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாய் நேராகும். உள்ளே விட்டு, அது விரிந்து நிறையும் வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். அத்தை முதல் இரண்டு தடவை அவசரப்பட்டுக் கையை எடுத்துவிட்டார். மூன்றாவது தடவை மனதுக்குள் முப்பது எண்ணினார். நான் ஏதோ கேட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னடா சொல்ற?" என்று உரக்கக் கேட்டார்.